பதினோராவது இணைப்பு

மனுவின் பதினோராவது இணைப்பு அம்மாவின் வீடியோ. நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஆவணக் கட்டுக்குள் அது ஓர் இறுவட்டாக, வெள்ளை உறைக்குள், தைத்த பக்கங்களுக்கு நடுவே இருந்தது. கூடவே அம்மா பேசியதை வரிவரியாக எழுதி, ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். அம்மா இருமிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘இருமல்’ என்று இருந்தது. அழுத இடத்தில் ஒன்றும் இல்லை. சத்தம் வராமல் அழுததை மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவில்லை போலும்.

ஊர்மிளா அந்தப் பக்கத்தை அலுவலக அறையில் தனியே இருந்து வாசித்தாள். வெளியே ஹட்டன் பஸ் நிலையத்தில் நடத்துனர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். “எம் புள்ள கையில கொழுந்துக் கறை பட்டதில்லீங்க. கூடைக் கயிறு அவ தலையில ஏறுனதில்ல. ஒரு நா கூட நான் அவள மலைக்கு அனுப்பல. கொழுந்துச்சாமி மேல சத்தியம்.” புதுத் தேயிலை மலையில் கொழுந்தெடுக்கக் கை வைக்கும் முன் ஒரு கல்லை நட்டு, சூடம் கொளுத்திக் கும்பிடும் சாமி அது. மொழிபெயர்ப்பாளர் பெயரை அப்படியே விட்டுவிட்டு, கீழே ‘உள்ளூர்த் தெய்வம்’ என்று குறிப்புப் போட்டிருந்தார்.

அவளுடைய நியமனம் வர்த்தமானியில் வந்த கிழமை, யூடியூப் சேனல் வைத்திருக்கும் இரண்டு பையன்கள் பொகவந்தலாவைப் பக்கத்திலிருக்கும் அவர்களுடைய தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண் மலைநாட்டு மண்வளச் சபைக்குத் தவிசாளர் என்றால் அது அவர்களுக்குச் செய்திதான். அம்மா பெட்டியிலிருந்து பட்டுச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கும் பதில் சொன்னாள், கேட்காததற்கும் சொன்னாள். பள்ளத்தாக்கு முழுக்க அந்த வீடியோ சுற்றியது. ஊர்மிளாவின் கைபேசிக்கே அது பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தாள். சத்தமில்லாமல் பார்த்தால் அம்மா ஏதோ கோவிலில் வேண்டிக்கொள்வது போல இருந்தது.

வழக்குப் போட்டவர் சிவராசா. அவளுக்கு முன்பு தவிசாளராக இருந்தவர். அரசாங்கம் மாறியதும், தவணை முடிய இரண்டு வருடம் இருக்கையில், ஒரே வரியில் அவரை நீக்கினார்கள். அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார். என்னை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள் என்பது அமைச்சருக்கு. என் இடத்தில் இருப்பவர் எந்தத் தகுதியில் அங்கே இருக்கிறார் என்பது ஊர்மிளாவுக்கு. சபையின் சட்டம், தவிசாளருக்குத் தேயிலைக் காணியில் பத்து வருடத்துக்குக் குறையாத நேரடி வேலை அனுபவம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அவளுக்கு மண்ணியலில் கலாநிதிப் பட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மலைகளில் செய்த ஆய்வு ஒரு ஐந்தாறு வருடம் வரும். அமைச்சில் யாரோ அவள் ஆய்வுகூடத்துக்குள் படித்துக்கொண்டிருந்த வருடங்களையும் கூட்டிப் பத்தாக்கியிருந்தார்கள். ஆய்வுகூடத்தில் மண்ணைச் சலித்தவர் காணியில் வேலை செய்தவர் ஆகமாட்டார் என்றது மனு. அதற்கு மேல் ஒரு வேலைநாள்கூட அவர் மலையில் நின்றதில்லை, பெற்ற தாயே சாட்சி என்றது.

வாதத்தில் பிழை இல்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது. பரீட்சைத் தாளாக இருந்திருந்தால் முழுப் புள்ளி கொடுத்திருப்பாள்.

வழக்கு வந்த நாளிலிருந்து அலுவலகத்தில் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கதவிலிருந்த சிவராசாவின் பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். அவளுடையதை மாட்டவில்லை. தீர்ப்பு வரட்டும் என்று சொல்லவும் இல்லை. பலகை செய்யக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆணி இருந்த இடத்தில் இரண்டு துளைகள் இருந்தன. எழுதுவினைஞர் கிஷாந்த் கோப்புகளைக் கொண்டுவந்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, “இது ஒரு கையெழுத்துக்கு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வான். ‘மேடம்’ என்ற சொல் முன்பு வாக்கியத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. இப்போது அதைச் சொன்னால் ஒரு கட்சி, சொல்லாவிட்டால் இன்னொரு கட்சி. அதனால் அவன் வாக்கியத்தைச் சுருக்கிக்கொண்டான். அவன்மேல் அவளுக்குக் கோபமில்லை. நாளைக்கே சிவராசா திரும்பி வந்து அந்தக் கதிரையில் உட்காரலாம். அப்போது யார் யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாராவது சொல்லத்தானே செய்வார்கள். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் பின் அறைக்குப் போவார்கள். சிரிப்பு கேட்கும். அவள் தண்ணீர் எடுக்கப் போனால் அது நிற்கும். பிறகு தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வரத் தொடங்கினாள்.

அறையின் மூலையில் வேறு போத்தல்கள் இருந்தன. அவள் வந்து செய்த முதல் வேலை அதுதான். மருந்தடிக்கும் மலைகளுக்குக் கீழே இருக்கிற லயங்களுக்குக் குழாயில் வந்து விழும் பீலித் தண்ணீரைச் சோதிப்பது. சபைக்கு அந்த அதிகாரம் எப்போதுமே இருந்தது. யாரும் பயன்படுத்தியதில்லை. சில தோட்டங்களின் முடிவுகள் வந்திருந்தன. இரண்டு பீலிகளை மூடச் சொல்லிக் கடிதம் போயிருந்தது. மிச்சப் போத்தல்கள் லேபல் ஒட்டி, காலியாகக் காத்திருந்தன. அவள் போனால் அவை யாருடையவும் அல்ல.

ஊர்மிளாவின் சட்டத்தரணி லோஜினி கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தாள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. லோஜினியின் பேச்சில் யாழ்ப்பாணமும் அவசரமும் இருந்தன.

“ஊர்மிளா, ஆட்சேபனை திங்கட்கிழமை போட வேணும். பட்டப்படிப்பை வச்சு நிக்கேலாது. நேரடி வேலை எண்டுதான் சட்டத்தில கிடக்கு. வேற ஒண்டுமே இல்லையோ? லீவு நாளில, எங்கயாவது ஒரு தோட்டத்தில?”

ஊர்மிளா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்துச் சொல்லப்போகும் வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தவளிடம்கூடச் சொன்னதில்லை.

“நான் கொழுந்து எடுத்திருக்கேன்.”

“என்னது?”

“தரம் எட்டுல இருந்து. கம்பஸ் போற வரைக்கும். சனி, ஞாயிறு, ஸ்கூல் லீவு எல்லாம். அம்மா பேர்ல.”

மறுமுனையில் பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது.

“அப்ப அம்மா ஏன் இப்பிடிச் சொன்னவ?”

“அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

லோஜினி எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு அவளுடைய குரலில் உற்சாகம் வந்தது. அது நல்ல குரல்தான், ஆனால் ஊர்மிளாவுக்குக் குளிர்ந்தது. “இது காணும். சட்டம் வேலை எண்டுதான் சொல்லுது, ஆரின்ர பேரில எண்டு சொல்லேல்ல. நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி தாங்கோ. அம்மாவும் ஒண்டு தந்தா இன்னும் நல்லம். தராட்டி, வீடியோவில அம்மா சொன்னது சரியில்லை எண்டு நீங்கள் எழுத வேணும்.”

“சரியில்லைன்னா?”

“பிழை எண்டோ, பொய் எண்டோ. கோர்ட்டுக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. ஊர்மிளா ஒரு மருந்துக்கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள். அம்மாவின் இழுப்புக்கு மருந்து வாங்கியிருந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் பாண் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, சிவராசா. போவதற்கு இடமில்லை. தெருவில் தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

“வணக்கம் டொக்டர்,” என்றார் அவர்.

“வணக்கம் சேர்.”

“கதவில பலகை மாட்டியாச்சோ?”

“இல்ல சேர்.”

“ம். என்ரயை நான் வீட்டுக்குக் கொண்டு போனனான். மனுசி குணபூசணி கேக்கிறா, இதை எங்க மாட்டப் போறியள், குசினியிலயோ எண்டு.” அவரே சிரித்துக்கொண்டார். சிரிப்பு முடிந்ததும் முகம் இன்னும் வயதாகிவிட்டது. “உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லைப் பிள்ளை. என்னை எடுத்தெறிஞ்ச விதத்துக்குத்தான் வழக்கு. முப்பது வருச சேவை. ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். பிழை செய்தனான் எண்டாவது சொல்லியிருக்கலாம். ஆனா உங்களைக் கேள்வி கேளாமல் என்னைத் திருப்பி இருத்தேலாதாம். லோயர் சொல்லுறார்.”

அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். நியமனம் வந்த அன்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். அவள் மருந்துப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அம்மாவின்ர வீடியோவை வைக்க வேண்டாம் எண்டு நான் சொன்னனான்,” என்றார் அவர், மழையைப் பார்த்துக்கொண்டு. “கேக்கேல்ல. வடிவாக் கதைச்சிருக்கிறா. ரெண்டு தரம் பாத்தனான்.”

மழை விடுவதற்கு முன்பே அவர் பாண் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். யாராவது பார்த்தால் அவளுக்குக் கரைச்சல் என்று நினைத்திருக்க வேண்டும். அல்லது அவருக்கு.

சனிக்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். பொகவந்தலாவை வரை ஒரு பஸ், அங்கிருந்து முச்சக்கர வண்டி. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் அவளை அடையாளம் கண்டு, வாய் திறக்கப் பார்த்து, பிறகு மடியிலிருந்த கோவாவைச் சரிப்படுத்திக்கொண்டாள். லயத்து முனையில் தண்ணீர்க் குழாயடியில் இருந்த ஜீவராணிக்கு அப்படித் தயக்கம் எதுவும் கிடையாது. பக்கத்துக் காம்பராக்காரி, அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள்.

“வாங்க தவிசாளரம்மா! நாக்காலிக்கு நாலு காலும் இருக்கா, இல்ல அந்த அய்யா ஒண்ண அறுத்துட்டாரா?”

“இப்போதைக்கு இருக்கு அத்த.”

“எதுக்கு ஒன்னையக் கோர்ட்டுக்கு இழுக்குறாங்க? மலை தெரியாதவன்னாங்களாமே. என்னையக் கூப்புடு, நான் வந்து சொல்றேன். எங்க எல்லார் கையையும் விட இவ கைதான் வேகம்னு...”

காம்பரா வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஏய், வாளி நெறஞ்சு ஓடுது பாரு. அதப் பாரு மொதல்ல.”

“சும்மா சொன்னேங்க்கா.” ஜீவராணி குழாயை மூடினாள். வாளியைத் தூக்கும்போது ஊர்மிளாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அதில் கேலி இல்லை.

அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை. அப்பா, ஊர்மிளாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது செத்துப்போனார். கவ்வாத்து வெட்டும்போது செடிக்கு அடியில் இருந்த குளவிக்கூட்டில் கத்தி பட்டுவிட்டது. அடக்கம் நடந்த இடத்தில் அம்மா எல்லோருக்கும் முன்னால் மண்ணை அள்ளி வைத்துச் சொன்னாள், என் பிள்ளை இனி இந்த மலையை மிதிக்காது என்று. அடுத்த வருடம் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. பனிக்காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பின் வாசல் வரை போவாள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. ஊர்மிளா கேட்கவில்லை. அம்மாவும் போ என்று சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை விடியலில் அம்மாவின் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றாள். கங்காணி அவளைப் பார்த்தார், குனிந்து அம்மாவின் பேரைப் போட்டார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது அம்மா லயத்துக்குப் பின்னால் எலுமிச்சம்பழத் தோலும் சாம்பலும் வைத்துக்கொண்டு நிற்பாள். கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். கறை போன பிறகுதான் முன் வாசலுக்கு விடுவாள். யாராவது கேட்டால், டியூசனுக்குப் போய்விட்டு வருகிறாள் என்பாள். கேட்டவளே அன்று ஊர்மிளாவோடு ஒரே நிரையில் நின்றிருப்பாள். “அப்படியா, நல்லாப் படிக்கட்டும்” என்பாள் அவளும்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும். அடுப்பில் விறகு ஈரமாக இருந்தது. புகையில் அம்மா இருமினாள். அடைப்புக்குறிக்குள் இருந்த சொல் ஊர்மிளாவுக்கு ஞாபகம் வந்தது.

“அம்மா, அந்த வீடியோல பேசுனதப் பத்தி வக்கீல் கேக்குறாங்க.”

“என்னாவாம்? நல்லாத்தானே பேசுனேன்.”

“அத வச்சுத்தான் எனக்கு மலை தெரியாதுன்னு சொல்றாங்க. நான் மலைக்குப் போனேன்னு எழுதணும்மா.”

அம்மா விறகை உள்ளே தள்ளினாள். “யாரு போனது?”

“நான்.”

“நீ எங்க போன. நாந்தான் போனேன்.”

“ஒனக்கு இழுப்பு இருந்துச்சு.”

“இழுப்போடதான் போனேன்.”

ஊர்மிளா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வயதானவர்களுக்கு நினைவு கலைந்து வேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று அவள் வாசித்திருந்தாள். அப்படி இருக்கவேண்டும் என்று ஒரு கணம் விரும்பினாள். அப்படி இல்லை. அம்மாவின் கண்கள் தெளிவாக இருந்தன, நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவள் பக்கம் வரவில்லை.

“ஒங்கப்பாவ சாக்குல போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க,” என்றாள் அம்மா. “எது கண்ணு எது மூக்குன்னு தெரியல. அந்த மனுசனுக்கு முன்னால சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க. எம் புள்ள அங்க போகாதுன்னு.” விறகைப் புரட்டினாள். “போகலதானே?”

அது கேள்வியா என்று தெரியவில்லை. கேள்வி போலத்தான் முடிந்தது. ஊர்மிளா ரொட்டியைப் பிட்டாள். அது ஆறிப்போயிருந்தது. அம்மா பாயை விரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜீவராணி வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

படுத்த பிறகு ஊர்மிளாவுக்கு ஒன்று தோன்றியது. ஹட்டன் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கும்போது ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைப்பாள். ஊரில் இருக்கும்போது பல்கலைக்கழகத்தை நினைப்பாள். பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமைகளில் அறைத்தோழிகள் படத்துக்குப் போனபோது, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்திருக்கிறாள். அவளை முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பாயில் படுத்திருக்கிறாள். அந்த ஆள், அவளுடைய வாழ்க்கையில் ஏழு வருடம் நடக்கவில்லை என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் வந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, “தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ரோட்டுல போகாத, வா” என்று கூப்பிட்டாள். ஊர்மிளா கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வயதில் இது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் எழும்பவில்லை.

“நாக்காலி போனா கம்பஸ்ல வேல இருக்குல்ல?”

“இருக்கு.”

“பெறகென்ன.”

சீப்பு ஓடியது. கீழ் லயத்துப் பீலியில் யாரோ துணி அடிக்கும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள் போலும், சீப்பு மெதுவானது.

“அந்தத் தண்ணி போத்தல் சோலி? அத யாரு பாப்பா?”

“யாரும் பாக்க மாட்டாங்கம்மா.”

அம்மாவின் விரல்கள் உச்சியில் முடியைப் பிரித்துக்கொண்டிருந்தன. அங்கே, காதுக்குக் காது குறுக்காக, ஒரு விரல் அகலத்துக்கு முடி சன்னமாக இருக்கும். கூடைக் கயிறு இழுத்த இடம். வளரும் வயதில் விழுந்த தடம், எண்ணெய் போட்டும் திரும்ப அடையவில்லை. அம்மாவின் தலையிலும் அதே இடத்தில் இருந்தது. ஜீவராணியின் தலையிலும் இருந்தது. அம்மாவின் விரல் அந்தக் கோட்டுக்கு வந்தது. நின்றது. அதன் வழியே மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது.

“நீ எழுதுறத எழுதிக்க,” என்றாள் அம்மா பின்னாலிருந்து. “என்னையக் கையெழுத்துக் கேக்காத. எவன் வந்து கேட்டாலும் நான் சொன்னதுதான். எம் புள்ள மலைக்குப் போகல.”

பிறகு முன்பக்கத்து முடியை அள்ளி எடுத்து, அந்தக் கோட்டின் மேல் படிய வாரி, இறுக்கிப் பின்னினாள். எப்போதும் அப்படித்தான் பின்னுவாள்.

லயத்தில் சிக்னல் கிடைக்காது. மேலே, ரோட்டு வளைவில், கோவில் அரசமரத்துக்குக் கிட்டப் போனால்தான் கிடைக்கும். லோஜினி பத்து மணிக்குப் பிறகு எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஊர்மிளா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினாள். வளைவுக்குக் கீழே இருந்த மலையில் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் பேர் இல்லை. யாரோ ஏதோ சொல்ல, ஒருத்தி “அவ புருசன் சமைச்சிட்டாலும்!” என்றாள், மலை முழுக்கச் சிரித்தது. விரல்கள் கொழுந்தை ஒடிக்கும் சின்னச் சின்னச் சத்தம் அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

கைபேசி அடித்தது.

“சொல்லுங்கோ ஊர்மிளா. வரைபை அனுப்பினனான், பாத்தீங்களோ? பதினாலாம் பந்தி, மலை வேலையையும் வீடியோவையும் பற்றினது.”

“பாத்தேன்.”

“அம்மா கையெழுத்து வைப்பாவோ?”

“மாட்டாங்க.”

“அப்ப உங்கட மட்டும்தான். அது காணும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா ஒண்டு, போட்டாப் பிறகு பேப்பரில வரும். அம்மா சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவ எண்டுதான் தலைப்பு வரும். நீங்கள் அதுக்கும் தயாரா இருக்க வேணும். அந்தப் பந்தியை வைக்கிறதோ, எடுக்கிறதோ? எனக்கு இப்பவே சொல்ல வேணும்.”

அப்போதுதான் கடைசி நிரையில் அவள் அந்தப் பிள்ளையைக் கண்டாள். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். பெரிய ஆளின் படங்கை மார்பு வரை சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. செடி மட்டத்துக்கு மேலே தோளும் தலையும்தான் தெரிந்தன. இரண்டு கையும் பாராமலே ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து நிரையில் இருந்த பெண் தற்செயலாக மேலே பார்த்தாள். ரோட்டில் ஒருத்தி, சப்பாத்து, கோப்பு, காதில் கைபேசி. அந்தப் பெண் வாய்க்குள்ளேயே “ஏய்” என்றாள்.

பிள்ளை அங்கே இல்லை.

சிரிப்பும் இல்லை. மற்றப் பெண்கள் நிமிராமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நிரையில் ஒரு செடியின் மேல் மட்டம், காற்று இல்லாமலே, கொஞ்சம் ஆடி அடங்கியது.

அங்கே கீழே எப்படி இருக்கும் என்று ஊர்மிளாவுக்குத் தெரியும். இலை மூடிய இருட்டு. முழங்கால் பட்ட இடமெல்லாம் ஈரம். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறும், தட்டிவிட முடியாது. மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கு ஐயாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டதும் அப்படித்தான் முடங்க வேண்டும். ஆள் போய்விட்டதா என்று முகத்தைப் பார்க்க முடியாது. செடிகளின் அடிக்கொம்புகளுக்கு இடையால் ரோட்டு ஓரத்துச் சப்பாத்து மட்டும் தெரியும். அது திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஊர்மிளா தன் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தாள். கறுப்புத் தோல், ஓரத்தில் சிவப்புச் சேறு.

“ஹலோ? கேக்குதோ?”

“கேக்குது.”

அவள் மெதுவாகத் திரும்பி, மலைக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றாள். தூரத்தில் பஸ் ஒன்று வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது. காதில் லோஜினி காத்திருந்தாள், அவளுடைய மூச்சு கேட்டது. முதுகுக்குப் பின்னால் கொழுந்து ஒடியும் சத்தம் ஒவ்வொரு நிரையாகத் திரும்ப வந்தது. கடைசி நிரையிலிருந்து மட்டும் இன்னும் வரவில்லை. ஊர்மிளா அதற்குக் காது கொடுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.